எம்-ஒன் அரியர் யார் கணக்கில்?

பொறியியல் முதல் செமஸ்டர் கணிதத் தாளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் ரெகுலேஷனுக்கு ரெகுலேஷன் பெயர் மாற்றும். 2021 ரெகுலேஷனில் அது ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’. மாணவர் வாயில் என்றைக்கும் எம்-ஒன்தான். எத்தனையோ பிள்ளைகளுக்கு வாழ்க்கையின் முதல் அரியர் இதில்தான் விழுகிறது. விழுந்ததும் வீட்டில், “செல்போனைக் கீழே வைத்தால்தானே!” என்கிறார்கள். கல்லூரியில், “இந்த பேட்ச்சே பேசிக்ஸ்ல வீக்” என்கிறார்கள். ஆக மொத்தப் பழியும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில். இது அநியாயம். அந்தப் பிள்ளைக்கு முன்பே பெயிலானவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் மதிப்பெண் பட்டியல் வருவதில்லை.

முதலில் பள்ளி. அணிகளும் அணிக்கோவைகளும், எல்லையும் தொடர்ச்சியும், வகையிடல், தொகையிடல் எல்லாம் நம் பாடநூலில் பிளஸ் ஒன் கணிதத்தின் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. எம்-ஒன் எழும்புவதே அந்தத் தொகுதியின் மேல்தான். ஆனால் பதினொன்றாம் வகுப்பிலேயே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கிவிடும் பள்ளிகள் எத்தனை என்பது ஊரறிந்த ரகசியம். இதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. அடுத்த ஆண்டே, உயர்கல்விச் சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் கணக்கில் வராது என்றானது. இப்போது 2025-26 முதல் தேர்வே இல்லை. பிள்ளைகளின் சுமையைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் நடத்தாத பாடத்தை நடத்தியதாகக் காட்டும் பள்ளிக்கும் சேர்த்தல்லவா சுமை குறைந்துவிட்டது?

என்றாலும் பெரிய குற்றவாளி கல்லூரிதான் என்பதே நம் தீர்ப்பு. சேர்க்கையின்போது மாணவனின் கணித மதிப்பெண் கல்லூரியின் கையில் இருக்கிறது. கவுன்சலிங் கட் ஆஃப் 200இல் சரிபாதி கணிதம். இவனால் முதல் நாளிலேயே ஐகன் வேல்யூவுக்குத் தாவ முடியுமா என்பது தெரிந்தே கட்டணத்தை வாங்குகிறார்கள். வாங்கியபின் முதல் நாளே ஐகன் வேல்யூவில் தொடங்குகிறார்கள். வகுப்பு தொடங்கும் முன் புதிய மாணவருக்கு மூன்று வார அறிமுக நிகழ்ச்சி நடத்தச் சொல்லி ஏஐசிடிஇ வழிகாட்டியிருக்கிறது. அதில் யோகா உண்டு, விருந்தினர் உரை உண்டு. விட்டுப்போன பிளஸ் ஒன் கணக்கைச் சொல்லித்தர நேரம் ஒதுக்கும் கல்லூரியை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எம்-ஒன்னுக்கு வாரம் மூன்று மணி நேரம் பாடம், ஒரு மணி நேரம் டுடோரியல் என்று 2021 ரெகுலேஷன் சிலபஸ் சொல்கிறது. அந்த ஒரு மணி நேரம் மாணவன் தன் கையால் கணக்குப் போட்டு, ஆசிரியர் பக்கத்தில் நின்று தவறைக் காட்டுவதற்கானது. நடப்பில் அது போர்ஷன் முடிக்கப் போய்விடுகிறது. வகுப்பெடுப்பவரும் பெரும்பாலும் அண்மையில் வேலைக்குச் சேர்ந்தவர். அறுபது பேர் வகுப்பு, அடுக்கடுக்காகத் திருத்த வேண்டிய அசைன்மென்ட், கோடை வந்தால் ‘அட்மிஷன் பிடித்து வா’ என்ற டார்கெட். கணிதம் எடுக்கும் எஸ் அண்ட் எச் (சயின்ஸ் அண்ட் ஹியூமானிட்டீஸ்) துறையை இரண்டாந்தரமாக நடத்தும் நிர்வாகம், அந்தத் துறை எடுக்கும் பாடத்தில் பிள்ளைகள் தோற்றால் வியப்பதற்கு உரிமையற்றது.

தேர்வுத்தாளுக்கு வருவோம். எக்ஸின் எல்லை 0 முதல் 1 வரை. ஒய்யின் எல்லை எக்ஸ் ஸ்கொயர் முதல் 2 மைனஸ் எக்ஸ் வரை. எக்ஸ் ஒய்யைத் தொகையிட வேண்டும், அதுவும் வரிசையை மாற்றி. ‘இம்பார்ட்டன்ட் கொஸ்டின்’ நோட்டு எதிலும் இந்தக் கணக்கு இருக்கும். விடை 3/8 என்பது தூக்கத்தில் கேட்டாலும் வரும். ஆனால் ஒரு பரவளையத்தையும் ஒரு நேர்கோட்டையும் வரைந்து, இரண்டும் (1, 1)இல் சந்திப்பதைக் கண்ணால் பார்த்தவனுக்குத்தான், வரிசை மாறும்போது பரப்பு ஏன் இரண்டாகப் பிரிகிறது என்பது புரியும். வரையாதவன் இரண்டு தொகையீடுகளையும் மனப்பாடமாக எழுதுகிறான். கேள்வியில் அந்த 2 மைனஸ் எக்ஸை 6 மைனஸ் எக்ஸாக்கி, எல்லையை 0 முதல் 2 வரை வைத்தால் அங்கேயே நின்றுவிடுகிறான். மேட்ரிக்ஸிலும் இதே கதைதான். சிறப்புச் சமன்பாட்டின் கெழுக்களான எஸ்1, எஸ்2, எஸ்3 கண்டுபிடித்து ஐகன் வேல்யூவை எழுதத் தெரியும். ஒரு கட்டடம் எந்த அதிர்வெண்ணில் ஆடும் என்பதைக் கணக்கிடவும் அதுவேதான் வேண்டும் என்று சிவில் மாணவனுக்கு யாரும் சொன்னதில்லை.

இந்த மனப்பாடத்துக்கு வழி திறந்துவிட்டது பல்கலைக்கழகம். 2021 ரெகுலேஷன்படி ஐந்து யூனிட், ஒவ்வொன்றிலும் ‘இது அல்லது அது’ என 16 மதிப்பெண் கேள்வி, ஆண்டுக்காண்டு அதே அச்சு. எழுத்துத் தேர்வில் 45 எடுத்தால் தப்பிக்கலாம். இன்டர்னல் கொஞ்சம் கைகொடுத்தால் மொத்தத்தில் 50 வந்துவிடும். இரண்டு மதிப்பெண் கேள்விகளோடு இரண்டு யூனிட்டை உருப்போட்டால் கரையேறிவிடலாம் என்று சீனியர்கள் சொல்லித்தருவது வெறும் கணக்கு. அதைத் தவறென்று சொல்ல முடியாது. கைவிடப்படுவது பெரும்பாலும் கடைசி யூனிட்டான மல்டிபிள் இன்டக்ரல்தான். பின்னால் வரும் பாடங்களில் அது வேறு வேறு வேடத்தில் வந்து நிற்கும்போது, அப்போதும் மாணவன்தான் ‘வீக்’.

“பள்ளி செய்யத் தவறியதற்கு நாங்களா பொறுப்பு?” என்று கல்லூரிகள் கேட்கும். ஆம், பொறுப்புதான். தகுதியில்லை என்றால் சேர்த்திருக்கக் கூடாது; சேர்த்தால் இருக்கும் இடத்திலிருந்து கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும். நடுவில் ஒரு வழி கிடையாது. ‘ஸ்டாண்டிங் அரியர்’ இருந்தால் கேம்பஸ் இன்டர்வியூ அறைக்குள்ளேயே விடாத நிறுவனங்கள் உண்டு என்பது தெரிந்திருந்தும் முதல் செமஸ்டரை நெல்லிலிருந்து பதரைப் புடைக்கும் முறம்போல் நடத்துவது கல்வி ஆகாது. பாடத்தை எளிதாக்குவதும் தீர்வில்லை. 2020இல் கொரோனாவின்போது அரியர் வைத்தவர்களையெல்லாம் பாஸாக்க அரசு அறிவித்ததும் அன்றைய முதல்வரைப் புகழ்ந்து பேனர்கள் எழுந்தன. பின்னர் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கணக்குத் தெரியாமல் கிடைக்கும் தேர்ச்சியும் அதே கைவிடல்தான், கொஞ்சம் இனிப்பு தடவியது.

அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியலில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. தமிழ்வழியில் படித்துவிட்டு ‘ஆர்த்தகனல் டிரான்ஸ்பர்மேஷன்’ முன் திகைத்து நிற்பவர்களில் அவர்களும் இருக்கிறார்கள். பணம் கொடுப்பவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. முதல் ஆறு வாரம் பிளஸ் ஒன் கணிதம், டுடோரியலுக்கு இருபது பேருக்கு மேற்படாத குழு, முதலாண்டு வகுப்புக்கு அனுபவமிக்க ஆசிரியர்: இவற்றை இணைப்பு அங்கீகாரத்தின் நிபந்தனையாக்கட்டும் அண்ணா பல்கலைக்கழகம். கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தை இப்போதே வெளியிடுகிறார்கள். அதில் எம்-ஒன்னுக்குத் தனிப் பத்தி ஒன்று சேர்த்து, பெற்றோர் கல்லூரிப் பட்டியலை நிரப்பும் முன், அடுத்த கவுன்சலிங்குக்கே அதை வெளியிட வேண்டும்.