தந்தையும் மகனும் இழைத்த கிதார்

பிள்ளைகள் விலையுயர்ந்த பொருளொன்றைக் கேட்கும்போது பெற்றோராகிய நாம் சொல்லும் விடைகள் பெரும்பாலும் இரண்டே. கையில் பணம் இருந்தால் வாங்கித் தருகிறோம், இல்லையேல், "அதெல்லாம் நமக்கு எதற்கு?" என்று வாயடைத்து விடுகிறோம். மூன்றாவது விடை ஒன்றும் உண்டு. "வா, நாமே செய்து பார்ப்போம்" என்பதே அது. அவ்விடையைச் சொன்ன ஒரு தந்தையின் வரலாற்றை இம்மாதம் நம் குடும்பங்களோடு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

இலண்டன் மாநகரின் மேற்குப் புறத்தே பெல்தம் என்னும் ஊரில் ஹெரால்டு மே, ரூத் என்னும் தம்பதியர் வாழ்ந்து வந்தனர். ஹெரால்டு, அரசின் விமானத்துறை அமைச்சகத்தில் மின்னணுக் கருவிகளுக்கு வரைபடம் வரையும் பணியில் இருந்தவர். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியையே தம் கையால் செய்தவர். அவர்களுடைய ஒரே மகன் பிரையனுக்கு 1963ஆம் ஆண்டில் வயது பதினாறு. மின்கிதார் ஒன்று வேண்டும் என்பது அவனது பேராசை. கடைகளில் தொங்கிய அமெரிக்கக் கிதார்களின் விலையோ அக்குடும்பத்திற்கு எட்டாத உயரத்தில் இருந்தது. எனவே, அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் தந்தையும் மகனும் தாங்களே ஒன்றைச் செய்யத் தொடங்கினர்.

பொருள்கள் எங்கிருந்து வந்தன என்பதைக் கேட்டால் வியப்பே மேலிடும். நண்பர் ஒருவர் வீட்டில் கழித்துப் போட்ட பழைய கணப்படுப்பின் மஹோகனிச் சட்டம், கிதாரின் கழுத்தாயிற்று. அதில் புழு அரித்திருந்த துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தனர். பழைய மேசையொன்றின் ஓக் மரம் உடற்பகுதிக்கு உதவிற்று. தாயாரின் தையற்பெட்டியிலிருந்த சிப்பிப் பொத்தான்கள், விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் புள்ளிகளாயின. தந்திகளைத் தளர்த்தி இறுக்கிச் சுரத்தை அசைக்கும் பொறிக்கு, 1928ஆம் ஆண்டைச் சேர்ந்த பாந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள் இரண்டு அமைந்தன. அப்பொறியின் கைப்பிடி, மிதிவண்டியில் பை தாங்கிய கம்பி. அதன் நுனியில் இருப்பதோ தாயாரின் பின்னல் ஊசித் துண்டு! செலவு சுமார் 8 பவுன் என்று பிரையன் சொல்வதுண்டு.

பழைய பொருள்களைச் சேர்த்துவிட்டால் மட்டும் கிதார் பிறந்து விடாது, கணக்கும் வேண்டும். வீணையில் மெட்டுகள் இருப்பது போலவே கிதாரின் கழுத்திலும் உலோக மெட்டுகள் உண்டு. அவற்றின் இடைவெளி ஒரே அளவினதன்று. தந்தியின் நீளம் 24 அங்குலம் என்றால், முதல் மெட்டு ஏறத்தாழ 1.35 அங்குலத்தில் அமையும்; அதற்கும் இரண்டாவதற்கும் இடைவெளி ஏறத்தாழ 1.27 அங்குலம். இவ்வாறு படிப்படியாகக் குறுகி, பன்னிரண்டாம் மெட்டு சரியாக நடுவில், அதாவது 12 அங்குலத்தில் வந்து நிற்கும். அங்கே அதே சுரம் ஒரு தாயி உயர்ந்து ஒலிக்கும். மயிரிழை பிசகினாலும் சுருதி பிசகும். பள்ளியில் மாணவர் முகம் சுளித்துக் கற்கும் கணக்கு, இங்கே காதுக்கு இனிமையாக மாறி விடுகிறது.

மின்கிதாரின் உயிர்நாடி, தந்திகளுக்கு அடியில் இருக்கும் காந்தச் சுருளே. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். எஃகுத் தந்தி அதன்மேல் அதிரும்போது சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கும். ஒலிபெருக்கி அதனைப் பெரிதாக்கும். பிரையன் முதலில் தானே சுருள்களைச் சுற்றினான். ஆனால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து மீட்டியபோது ஒலி சீராக வரவில்லை. உழைத்துச் செய்ததாயிற்றே என்று அதையே பிடித்துக்கொண்டிராமல், கடையில் விற்ற பர்ன்ஸ் சுருள்களை வாங்கிப் பொருத்தினான். தானே செய்வது என்றால் எல்லாவற்றையும் தானே செய்வது என்று பொருளன்று. எதைச் செய்வது, எதை வாங்குவது என்று அறிவதும் கைத்தொழிலின் ஒரு பகுதியே.

ஏறத்தாழ ஈராண்டுகளில் கிதார் நிறைவுற்றது. கதை இத்துடன் முடிந்திருந்தால், இனிய பொழுதுபோக்கு ஒன்றின் கதையாக மட்டும் நின்றிருக்கும்.

பிரையன் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் பயின்று, விண்வெளித் தூசுகளைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வில் ஈடுபட்டான். 1970இல் நண்பர்களோடு 'குயீன்' என்னும் இசைக்குழு தோன்றிற்று. அதன் புகழ் வளர வளர, சில ஆண்டுகளில் ஆய்வை முடிக்காமலே விட்டுவிட்டு இசையையே தொழிலாகக் கொண்டான். தந்தையின் உள்ளம் நொந்தது. மகனின் கல்விக்காக உழைத்தவர் அவர். கிதார் செய்யக் கை கொடுத்தவரும் அவரே. அக்கிதாரே மகனைக் கல்வியிலிருந்து அழைத்துச் சென்று விட்டதே! நெடுநாள் இருவருக்கும் இடையே சரியான பேச்சு இல்லாமற் போயிற்று.

பிறகு, 1977இல் நியூயார்க் நகரின் மாடிசன் சதுக்கப் பேரரங்கில் மகன் வாசிப்பதைத் தந்தை நேரில் வந்து கேட்டார். மரச்சட்டமும் பொத்தானும் ஆயிரமாயிரம் மக்களின் ஆரவாரமாக மாறி நின்றதைக் கண்டார். மகனுடைய வழி தமக்கு இப்போது விளங்கிற்று என்று அவனிடமே சொன்னார். பிளவு நீங்கிற்று.

ஹெரால்டு 1988இல் மறைந்தார். பாதியில் நின்ற அந்த ஆய்வைப் பிரையன் மீண்டும் கையிலெடுத்து, 2007ஆம் ஆண்டில், தம் அறுபதாம் வயதில் முனைவர் பட்டம் பெற்றார். அதைக் காணத் தந்தை இல்லை. அவர் விரும்பியது நடந்தது; ஆனால் அவர் குறித்த காலத்தில் நடக்கவில்லை.

பெற்றோர்களே, பிள்ளையோடு அமர்ந்து ஒரு பொருளைச் செய்வது எளிதன்று. நேரமும் பொறுமையும் வேண்டும். அதனினும் கடினமானது, செய்து முடித்த பொருளை அவன் கையில் கொடுத்துவிட்டு, அதைக்கொண்டு அவன் எங்கே போவான் என்பதை அவனிடமே விட்டுவிடுவது. நாம் கொடுத்த உழைப்பைக் கடனாக எழுதி வைத்துக்கொண்டு வட்டி கேட்கத் தொடங்கினால், வீட்டில் பேச்சு அற்றுப் போகும். அப்படி அற்றுப் போன வீடு நம்மிடையே இருக்குமானால், யார் முதலில் சென்று கேட்பது என்று காத்திராமல் பெற்றோரே சென்று அமர்ந்து கேட்கட்டும்.

உங்கள் வீட்டு இளைஞன் கிதார் செய்ய விரும்பினால் மகிழ்ச்சியோடு துணை நில்லுங்கள். கிதாரில் பிறக்கும் மின்சாரம் மிகச் சிறிது, அதனால் தீங்கில்லை. ஆனால் வீட்டு மின்சாரத்தில் இயங்கும் ஒலிபெருக்கிப் பெட்டியை மட்டும் அனுபவமற்ற கைகள் திறக்க வேண்டா. அதனை அறிந்தவரிடம் விட்டுவிட்டு, முதலில் பரணில் கிடக்கும் பழைய மரத்தைத் தட்டிப் பாருங்கள்.