பழைய வண்டிக்கும் ஏற்ற பெட்ரோல் வேண்டும்



அப்பா ஓட்டிய 1987ஆம் ஆண்டு புல்லட், அவர் மறைந்தபின் ஒன்பது ஆண்டுகள் மாட்டுக் கொட்டகையில் நின்றது. திருவொற்றியூரில் செய்த, வலக்கால் கியர் வண்டி. இந்தத் தை மாதம் வெளியே எடுத்தேன். டேங்க் முழுக்கத் துரு. கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாய் ஒட்டிக் கிடந்தது. டயர் தேயவே இல்லை, ஆனால் பக்கவாட்டில் வெடிப்பு.

டயர், கேபிள், பிரேக் ஷூ எல்லாம் மாற்றினோம். மெக்கானிக் அண்ணன் பாயின்டைச் சுத்தம் செய்து, டீகம்ப்ரஸரை அழுத்தி, ஆம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து ஓங்கி ஓர் உதை உதைத்தார். சத்தம் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

இப்போது என் கவலை பெட்ரோல்தான். பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் குழாய், வாஷர்களை ஊத வைக்கும். அதனால் வண்டியைச் சில வாரம் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரை வடித்துவிடுகிறேன்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்து, முறையாக ஓட்டுகிற எங்களுக்கு, எத்தனால் கலக்காத பெட்ரோல் மாவட்டத்துக்கு ஒரு பங்க்கிலாவது நியாயமான விலையில் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும்.

- ஒரு வாசகர், திண்டுக்கல்