தூக்க முடியாத தோள், 91 நாள் லீவு: கும்மிடிப்பூண்டி தொழிலாளிக்குக் கணக்கு எங்கே இடிக்கிறது?

கம்பெனி பஸ்ஸில் ஏறி மேல்கம்பியைப் பிடிக்கப் போகும்போதுதான் பலருக்கும் விஷயம் தெரியவரும். கை பாதி தூரம் போகும், அதற்கு மேல் நகராது. சட்டைக்குள் கையை நுழைப்பது பெரும்பாடு. பெண்களுக்குப் பின்னல் போட முடியாது. ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் உயிர் போகும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பாரம் தூக்குகிறவரானாலும் சரி, காக்களூர் எஸ்டேட்டில் மெஷின் முன் நிற்கிறவரானாலும் சரி, "சுளுக்கு புடிச்சிக்கிச்சு" என்றுதான் முதலில் நினைப்பார்.

சுளுக்கு என்றால் சில வாரங்களில் விட்டுவிடும். இது விடாது. இதன் பெயர் 'ஃப்ரோசன் ஷோல்டர்', தமிழில் தோள்பட்டை இறுக்கம். 1934-ல் எர்னஸ்ட் காட்மன் என்ற அமெரிக்க அறுவை சிகிச்சை மருத்துவர் வைத்த பெயர் அது. தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை அழற்சியால் தடித்துச் சுருங்கிவிடுகிறது. முதல் சில மாதங்கள் வலி அதிகம். பிறகு வலி கொஞ்சம் குறையும், ஆனால் கை இறுகிக்கொள்ளும். அதன்பின் மெதுவாக இளகும். மொத்தத்தில் ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. "எக்ஸ்ரே நார்மல்தானே, நடிக்கிறான்" என்று சூப்பர்வைசர் சொல்ல அது போதும்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். அடுத்தவர் மெதுவாகத் திருப்பிவிட்டும் போகவில்லை என்றால் இந்த இறுக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். தசைநார் கிழிந்திருந்தால் பொதுவாகத் தானாகத் தூக்கத்தான் சிரமம், பிறர் தூக்கிவிட்டால் கை போகும். உறுதி செய்ய வேண்டியது டாக்டர்தான்.

இந்த வேலையால்தான் இது வருகிறதா? அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. பெரும்பாலானோருக்குக் காரணமே தெரிவதில்லை. 40 முதல் 60 வயதுக்காரர்களுக்கும், ஆண்களைவிடப் பெண்களுக்கும் அதிகம் வருகிறது. தைராய்டு கோளாறு இருந்தாலும் வரலாம். முக்கியமான கூட்டாளி சர்க்கரை நோய். பொதுவாக 100 பேரில் 2 முதல் 5 பேருக்கு வரும் இது, சர்க்கரை உள்ளவர்களில் 10-க்கும் மேற்பட்டவர்களுக்கு வருகிறது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். ஆக, காரணமில்லாமல் தோள் இறுகினால் முதலில் பார்க்க வேண்டியது சுகர்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்த்துவிடலாம்.

சிகிச்சை என்று போனால் இந்தப் பக்கத்தில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது எல்லை தாண்டினால் இருக்கும் புத்தூர் கட்டு. அது எலும்பு முறிவுக்குப் பேர் போனது. தோள் இறுக்கத்துக்கோ கையைக் கட்டி வைப்பதே கூடாது. அசையாமல் வைத்தால் இன்னும் இறுகும். காட்மன் பெயரிலேயே ஒரு பயிற்சி உண்டு: மேசையை ஒரு கையால் பிடித்துக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் போல ஆட்டுவது. சுவரில் விரல்களால் மெல்ல மேலே ஏறுவது இன்னொன்று. முன்னதாக வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் எளிது. வலி அதிகமான கட்டத்தில் முரட்டுத்தனமாக இழுக்கக் கூடாது. அந்தக் கட்டத்தில் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி நல்ல பலன் தரும். ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் சுகர் ஏறும், டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

சரி, இரண்டு வருட வலிக்கு லீவு எவ்வளவு? ஈ.எஸ்.ஐ-யில் நோய்க்காலப் பணப்பலன் ஆண்டுக்கு 91 நாள், சம்பளத்தில் 70 சதவீதம். அதற்கும் ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பங்களிப்பு இருக்க வேண்டும். அடிக்கடி ஒப்பந்ததாரர் மாறும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு இந்த 78-ஐ எட்டுவதே போராட்டம். முதுகெலும்பு டிஸ்க் விலகல் போன்ற சிலவற்றுக்கு 80 சதவீதத்தில் இரண்டு ஆண்டு வரை பணப்பலன் தரும் நீண்டகால நோய்ப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் தோள் இறுக்கம் இல்லை. சேர்க்க வேண்டும்.

ஆனால் லீவு மட்டுமே தீர்வும் அல்ல. இந்தக் கைக்குத் தேவை படுக்கை இல்லை, மாற்று வேலை. தோளுக்கு மேல் தூக்காத, உடம்போடு ஒட்டிச் செய்கிற வேலை ஒரு லைனில் நிச்சயம் இருக்கும். செக்கிங், பேக்கிங், ஸ்டோர் கணக்கு. "முடியலன்னா வேற ஆள் போட்டுக்குறோம்" என்று சொல்வது எளிது என்பதால்தான் பலர் வலியை மறைத்துக்கொண்டு தூக்குகிறார்கள்.

வீடு தேடி வரும் பிசியோதெரபி 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இருக்கிறது. பகல் ஷிஃப்டில் இருப்பவரை அது வீட்டில் பார்க்க முடியாது என்பதுதான் சிக்கல். தொழிற்சாலைக்கே வந்து பி.பி, சுகர் பார்க்கும் 'தொழிலாளர்களைத் தேடி மருத்துவம்' 2024-ல் வந்தது. அந்த வரிசையிலேயே "ரெண்டு கையையும் மேலே தூக்குங்க" என்று ஒரு வார்த்தை சேர்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

அதுவரை, ஈ.எஸ்.ஐ டிஸ்பென்சரிக்குப் போகிறவர் லீவுச் சீட்டோடு திரும்ப வேண்டாம். 'மூன்று மாதத்துக்குத் தோள் உயரத்துக்கு மேல் தூக்கும் வேலை கூடாது' என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொண்டு, மற்றதை எச்.ஆரிடம் கையெழுத்துப் பெற்றுக் கொடுக்கலாம்.