திரும்பி வருவது பழைய பனி அல்ல

2013 செப்டம்பரில் பிரிட்டனின் ஞாயிறு நாளேடு ஒன்று, ஆர்க்டிக் கடல் பனி ஒரே ஆண்டில் 60 சதவீதம் பெருகிவிட்டது என்றும் உலகம் குளிரத் தொடங்கிவிட்டது என்றும் பெரிய எழுத்தில் தலைப்பிட்டது. செய்தி பல நாடுகளுக்குப் பரவியது. பத்தாண்டுகளுக்கு மேல் ஆகி, அந்தத் தலைப்பு பலருக்கு மறந்தும் போயிருக்கும். அது ஊட்டி வளர்த்த நம்பிக்கை மட்டும் அப்படியே இருக்கிறது. கோடையில் பனி உருகும், குளிர்காலத்தில் திரும்பி வந்துவிடும், இது இயற்கையின் சுழற்சி, இதில் பதற என்ன இருக்கிறது என்று படித்தவர்களும் கேட்கிறார்கள்.

இந்த நம்பிக்கை தவறு. பாதி உண்மையின் மேல் நிற்பதால், முழுப் பொய்யை விடவும் இதைக் களைவது கடினம்.

உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். துருவக் கடல்களில் பனி ஆண்டுக்கொரு முறை பெருகிச் சுருங்குகிறது. வடக்கே குளிர்காலம் முடியும் மார்ச் மாதத்தில் பனிப்பரப்பு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி சதுர கிலோமீட்டர் வரை விரியும். கோடை முடியும் செப்டம்பரில் அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். தெற்கே காலக்கணக்கு தலைகீழ். அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள கடலில் செப்டம்பரில் சுமார் 1 கோடியே 85 லட்சம் சதுர கிலோமீட்டர் பனி இருந்தால், பிப்ரவரியில் 30 லட்சத்துக்கும் குறைவாகவே மிஞ்சும். இவ்வளவு பெரிய ஏற்ற இறக்கம் இயல்பாகவே நடக்கிறது. அதனால்தான் ஏதாவது ஒரு மாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வேண்டிய முடிவைச் சொல்லிவிட முடிகிறது. ஆடிப்பெருக்கன்று காவிரியைப் பார்த்துவிட்டு, ஆற்றில் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடுகிறது என்று சொல்வதைப் போன்றது அது.

ஒரு நாள் பார்த்துச் சொல்லும் பேச்சுக்கு இடமில்லாமல் செய்யத்தான் தொடர் கண்காணிப்பு இருக்கிறது. 1978 அக்டோபரில் நாசா ஏவிய நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் தொடங்கி இந்தக் கணக்கு தொடர்ந்து வருகிறது. துருவங்களில் மாதக்கணக்கில் இருள் நீடிக்கும். கோடையில் மேகம் மூடிக்கிடக்கும். சாதாரணக் கேமரா அங்கே உதவாது. ஆனால் பனியும் நீரும் தாமாகவே வெளியிடும் நுண்ணலைகள் வெவ்வேறு அளவில் இருக்கின்றன. இருளோ மேகமோ அவற்றைப் பெரிதாகத் தடுப்பதில்லை. அந்த வேறுபாட்டை அளந்து, துருவக் கடலை 25 கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தில் 15 சதவீதமாவது பனி இருந்தால் அதைப் பனிக் கட்டமாக எண்ணுகிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் நகரில் உள்ள தேசியப் பனித் தரவு மையம் இந்தக் கணக்கை நாள்தோறும் வெளியிட்டு வருகிறது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு அந்த 60 சதவீதத் தலைப்பைச் சோதித்துப் பார்க்கலாம். 1981 முதல் 2010 வரையிலான முப்பதாண்டுச் சராசரிப்படி, ஆர்க்டிக்கில் கோடையின் கடைசியில் எஞ்சும் பனி சுமார் 62 லட்சம் சதுர கிலோமீட்டர். அதாவது கிட்டத்தட்ட இரண்டு இந்தியாக்கள். 2012 செப்டம்பரில் அது 34 லட்சத்துக்குச் சரிந்தது. ஒரு இந்தியா காணாமல்போய், ஒன்று மட்டும் மிஞ்சியது. செயற்கைக்கோள் கணக்கில் அதுதான் இன்றுவரை மிகக் குறைந்த அளவு. மறு ஆண்டு வானிலை சற்றுக் கைகொடுத்ததால் 50 லட்சத்தைத் தாண்டி நின்றது. அதலபாதாளத்தில் விழுந்த ஆண்டை அடிப்படையாக வைத்து அளந்தால் எந்த அடுத்த ஆண்டும் வளர்ச்சியாகத்தான் தெரியும். அதே 2013-ஐ முப்பதாண்டுச் சராசரியோடு வைத்துப் பார்த்தால், 10 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பற்றாக்குறை. தலைப்பு எழுதியவர்கள் இந்த இரண்டாவது ஒப்பீட்டைப் பெரிய எழுத்தில் போடவில்லை.

"வரலாறு காணாத வேகத்தில் பனி வளர்கிறது" என்ற இன்னொரு வாதம் இதைவிட மோசமானது. 2012 செப்டம்பருக்கும் 2013 மார்ச்சுக்கும் இடையே ஆர்க்டிக்கில் சுமார் 117 லட்சம் சதுர கிலோமீட்டர் பனி புதிதாகச் சேர்ந்தது. அதுவரை எந்தக் குளிர்காலத்திலும் அவ்வளவு சேர்ந்ததில்லை. காரணம் எளியது. கோடையில் என்றுமில்லாத அளவு கடல் திறந்து கிடந்தது. துருவ இரவு வந்ததும் அந்தத் திறந்த நீரெல்லாம் உறைந்தது. அழிவு எவ்வளவு பெரிதோ, அதை அடுத்து வரும் உறைவும் அவ்வளவு பெரிது. சாதனை வளர்ச்சி என்று காட்டப்பட்ட எண், உண்மையில் சாதனை இழப்பின் மறுபக்கம்.

அப்படி உறைந்து வருவது என்ன பனி என்பதுதான் முக்கியமான கேள்வி. கடல்நீர் மைனஸ் 1.8 டிகிரியில் உறையத் தொடங்கும். முதலில் மேற்பரப்பில் எண்ணெய் படர்ந்ததுபோல மங்கலான படலம். பிறகு கால் வைத்தால் வளையும் மெல்லிய தகடு. பிறகு கெட்டியான பாளம். மெல்லிய பாளம் வழியே கடலின் வெப்பம் எளிதில் வெளியேறுவதால் அது வேகமாகத் தடிக்கும். தடிக்கத் தடிக்க அதுவே போர்வையாகி, வளர்ச்சி மந்தமாகும். ஒரே குளிர்காலத்தில் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு மீட்டர் கனத்துக்கு மேல் போகாது. அதற்குள் உப்புநீர் சின்னச் சின்னக் குமிழ்களாகச் சிக்கிக் கிடக்கும். கோடையைத் தாண்டிப் பிழைத்த பனியில்தான் அந்த உப்பு மெல்ல வடிந்து இறங்கும். பல ஆண்டு வயதான பனியை உருக்கிக் குடிக்கலாம். அதே ஆண்டில் உறைந்த பனியை உருக்கினால் வாயில் உப்புக் கரிக்கும். கனடாவின் நுனாவுட் பகுதி இனுவிட் வேட்டைக்காரர்கள் ஈட்டி முனையால் பனியைக் குத்திப் பார்த்து, அது ஆளைத் தாங்குமா என்று கணிப்பவர்கள். பழைய பனிக்கும் புதிய பனிக்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. பல தலைமுறை அனுபவம் மட்டும் இப்போது போதாமல், சில ஊர்களில் பனிக்கனத்தை அளக்கும் கருவியை ஸ்லெட்ஜில் வைத்து இழுத்துச் சென்று பாதை பார்க்கிறார்கள்.

பரப்புக் கணக்கில் இந்த வேறுபாடு தெரியாது. அரை மீட்டர் பனியும் நான்கு மீட்டர் பனியும் வரைபடத்தில் ஒரே வெள்ளை. கனத்தை அறிய வேறு சான்றுகள் வேண்டும். பனிப்போர்க் காலத்தில் ஆர்க்டிக் பனிக்கு அடியில் ரோந்து சென்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்கள், தலைக்கு மேலுள்ள பனியின் ஆழத்தை ஒலியலையால் அளந்து வைத்திருந்தன. அந்தப் பதிவுகளையும் நாசாவின் ஐஸ்சாட் செயற்கைக்கோள் அளவுகளையும் சேர்த்து ஆராய்ந்தபோது, மத்திய ஆர்க்டிக்கில் 1980-இல் 3.64 மீட்டராக இருந்த குளிர்காலச் சராசரிக் கனம் 2008-இல் 1.89 மீட்டராகக் குறைந்திருந்தது. வயதுக் கணக்கும் அதையே சொல்கிறது. 1985 மார்ச்சில் ஆர்க்டிக் பெருங்கடல் பனியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் வயதானது. 2019 மார்ச்சில் அந்தப் பங்கு நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு வந்துவிட்டது.

ஜெர்மனியின் போலார்ஷ்டெர்ன் ஆய்வுக் கப்பல் 2019 அக்டோபரில் ஒரு பனிப்பாளத்தோடு தன்னைக் கட்டிக்கொண்டு, அதன் போக்கிலேயே மிதந்தது. மோசாய்க் என்ற அந்தப் பயணத்தில் கப்பலைத் தாங்கும் அளவு கெட்டியான பாளத்தைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. 2020 ஜூலை இறுதியில் பாளம் உடைந்து சிதறியது. அடுத்த மாதமே கப்பல் வடதுருவப் புள்ளியை எட்டியது. வழியில் உருகி நொறுங்கிய பனியும் திறந்த நீரும் நிறைந்திருந்தன.

குளிர்காலத்தில் முழுதாகத் திரும்பி வருகிறது என்பதும் இப்போது பொய்யாகிவிட்டது. 2025 மார்ச்சில் ஆர்க்டிக் பனி தொட்ட உச்சம் 143 லட்சம் சதுர கிலோமீட்டர். அதுவரையிலான 47 ஆண்டுக் கணக்கில் இவ்வளவு தாழ்ந்த உச்சம் இருந்ததில்லை.

எதிர்த்தரப்பின் கையில் உள்ள வலுவான வாதத்தையும் நேர்மையாகச் சந்திக்க வேண்டும். 2012-இன் சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை. 2013-க்குள் கோடைப் பனியே இருக்காது என்று சிலர் சொன்னது நடக்கவில்லை. இரண்டும் உண்மை. அப்படி ஆரூடம் சொன்னவர்களும், மிதக்கும் கடல் பனி உருகினாலே நகரங்கள் மூழ்கிவிடும் என்று பயமுறுத்துகிறவர்களும் அறிவியலுக்கு நன்மை செய்யவில்லை. கடல்மட்டத்தை நேரடியாக உயர்த்துவது கிரீன்லாந்து, அண்டார்க்டிகா நிலங்களின் மேல் கிடக்கும் பனி. ஆனால் சாதனை முறியடிக்கப்படாதது மீட்சி ஆகாது. 2007 முதல் 2025 வரையிலான 19 ஆண்டுகளும்தான் செப்டம்பர்ப் பனி மிகக் குறைந்திருந்த 19 ஆண்டுகள். பழைய நிலைக்கு ஓர் ஆண்டுகூடத் திரும்பவில்லை. சரிவின் வேகம் சில காலம் தணிவதும் மீண்டும் கூடுவதும் காலநிலை மாதிரிகளிலும் காணக் கிடைப்பதே. 2050-க்குள் ஒரு முறையாவது செப்டம்பர் ஆர்க்டிக் ஏறத்தாழப் பனியற்றுப் போக வாய்ப்புள்ளது என்பதுதான் ஐ.நா. காலநிலைக் குழு 2021-இல் தந்த நிதானமான மதிப்பீடு.

அண்டார்க்டிகாவைச் சான்றுக்கு இழுத்தவர்களுக்கும் பதில் கிடைத்துவிட்டது. 2014 செப்டம்பரில் தென்துருவக் கடல் பனி முதன்முறையாக 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டியபோது, புவி வெப்பமாதல் கட்டுக்கதை என்றார்கள். 2023 பிப்ரவரியில் அது 18 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் கீழே போனது. அதே ஆண்டு குளிர்கால உச்சம், முந்தைய மிகக் குறைந்த உச்சத்தைவிடவும் 10 லட்சம் குறைந்தது. இதற்குச் சற்று முன், 2022 இறுதியில், பெலிங்ஸ்ஹவுசன் கடலின் ஒரு பகுதியில் ஐந்து எம்பரர் பெங்குவின் குடியிருப்புகளில் நான்கில், குஞ்சுகளுக்கு நீர் ஒட்டாத இறகு முளைக்கும் முன்பே காலடிப் பனி உடைந்துபோனது. அந்த நான்கில் ஒரு குஞ்சும் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். அடுத்த குளிர்காலத்தில் அங்கே பனி மறுபடி உறையும். அந்த ஆண்டுக் குஞ்சுகளுக்கு அதனால் என்ன பயன்?

இழப்பு பெங்குவினோடு நிற்பதில்லை. வெண்பனி மூடிய கடல், விழும் வெயிலில் எண்பது சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். திறந்த கடல் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் விழுங்கிக்கொள்ளும். சூரியன் மறையாத ஜூன், ஜூலையில் பனி விலகினால் அந்த வெப்பம் முழுதும் நீரில் இறங்கி, அடுத்த உறைவைத் தள்ளிப்போடும். இருட்டில் உறையும் பனி அந்த வெப்பத்தைத் தடுக்க முடியாது. அதனால்தான் குளிர்காலப் பனியைக் காட்டிக் கோடை இழப்பை ஈடுகட்டிவிட்டதாகப் பேசுவது இயற்பியலுக்கே ஒவ்வாதது.

"திரும்பி வந்துவிடும்" என்ற நம்பிக்கை, கண்காணிப்பின் அருமையை மக்களிடமிருந்து மறைக்கிறது. 2025 ஜூனில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, இந்த நீண்ட தொடருக்குப் பல்லாண்டுகளாகத் தரவு தந்துவந்த தன் வானிலைச் செயற்கைக்கோள்களின் நுண்ணலைத் தரவை அந்த மாத இறுதியோடு நிறுத்தப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும் ஒரு மாதம் தள்ளிவைத்தது. பிறகு 2026 செப்டம்பர் வரை தருவதாகச் சொன்னது. ஆய்வாளர்கள் ஜப்பானின் ஷிசுகு செயற்கைக்கோள் தரவுக்கு மாறும் வேலையில் அவசரமாக இறங்க வேண்டியதாயிற்று. ஏறக்குறைய அரை நூற்றாண்டாகத் தொடர்ந்து வந்த பதிவு அறுந்தால், இடையில் விட்ட நாட்களை யாரும் பின்னர் அளந்து நிரப்ப முடியாது. பனி வளர்ந்தது, தேய்ந்தது என்று செய்தி வெளியிடும் ஒவ்வொரு ஊடகமும் எந்த மாதத்தை எதனோடு ஒப்பிடுகிறது, எத்தனை ஆண்டுச் சராசரியை வைக்கிறது, கனமும் வயதும் என்ன என்று சேர்த்துச் சொல்லியாக வேண்டும். இந்தப் பதிவைத் தொடர வைக்கும் பொறுப்பு, செயற்கைக்கோள் ஏவும் திறன் படைத்த எல்லா அரசுகளுக்கும் உண்டு, இந்தியாவுக்கும் உண்டு.