தமிழறியா உரைத்தொகுப்பியும் தமிழபிமானிகளும்

கணனி யுகத்திலே தமிழின் எதிர்காலம் யாது என்னும் வினா எமது மேடைகளில் ஆண்டுதோறும் எழுப்பப்படுகின்றது. ஒரு சாரார், தமிழ் கணனிக்கென்றே பிறந்த மொழி என முழங்கிக் கைதட்டல் பெறுவர். மறுசாரார், செய்நிரலாக்கம் ஆங்கிலத்தின் தனியுடைமை எனக் கூறி ஒதுங்குவர். முன்னவர் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாது புகழ் பாடுகின்றனர். பின்னவர் அப்படியொரு வேலை உண்டென்பதையே மறுக்கின்றனர். இவ்விரு சாராருமே தமிழ்மொழிமூல மாணவனுக்குத் தீங்கிழைக்கின்றனர் என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

அவ்வேலை சிறியது, ஆயினும் அடிப்படையானது. செய்நிரல் எழுதப்படும் உரைத்தொகுப்பியைத் தமிழுக்கேற்ப அமைத்துக்கொள்வதே அது.

முதலில் ஆங்கிலவாதிகளின் கூற்றை நோக்குவோம். எமது உயர்தர மாணவர் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியற் பாடத்திற் பயிலும் செய்நிரல் மொழி பைதன். 'இஃப்', 'வைல்', 'ரிட்டேர்ன்' என அம்மொழி தனக்கென ஒதுக்கிக்கொண்ட சொற்கள் 35 மட்டுமே. 'பிறிண்ட்', 'லென்' முதலாய உள்ளமைந்த சார்புகளிற் சிலவற்றையும் சேர்த்துக்கொண்டால் தொடக்க மாணவனுக்குப் போதுமானது. எஞ்சும் மாறிகளின் பெயர்கள், அவன் ஆக்கும் சார்புகளின் பெயர்கள், விளக்கக் குறிப்புகள் ஆகிய யாவும் எழுதுபவன் தானே இடுவன. 2008 டிசெம்பரில் வெளியான பைதன் மூன்றாம் பதிப்புத் தொட்டு இப்பெயர்களைத் தமிழெழுத்திலேயே இடலாம். 'நிலுவை' என்றும் 'வட்டிவீதம்' என்றும் எழுதினால் அம்மொழி மறுப்பதில்லை. மறுப்பவர் நாமே.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலே கடை நடத்தும் தமிழ் வணிகர் எத்தனை சிங்களச் சொற்களைக் கையாண்டு வியாபாரஞ் செய்கின்றார்? நிச்சயமாக முப்பத்தைந்துக்கு மேல். அதற்காக அவர் தமது கணக்கேட்டையும் சிங்களத்தில் எழுத வேண்டுமென எவரும் வற்புறுத்துவதில்லை. பேரம் வாடிக்கையாளர் மொழியில். கணக்குத் தம் மொழியில். புறக்கோட்டை அறிந்த இவ்வெளிய நியாயம் பல்கலைக்கழகத்துக்குப் புரியாதிருப்பது விந்தையன்றோ?

கற்றல் தன் மொழியில் நிகழவேண்டும் என்பது எமக்குப் புதிய கோட்பாடுமன்று. 19ஆம் நூற்றாண்டிலே மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். உடற்கூற்றியல் தமிழுக்கு அடங்கியதெனின், ஒரு மாறியின் பெயர் அடங்காதா?

இனி அபிமானிகளிடம் வருவோம். 'பாமினி' எழுத்துரு எமது அச்சகங்களிலும் தட்டச்சு நிலையங்களிலும் நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது; இன்றும் முற்றாக விடைபெறவில்லை. அதில் 'தமிழ்' எனத் தட்டச்சிட்டால் திரையில் தமிழ் தோன்றும். கணனியின் உள்ளே பதிவாவதோ ஜே, கே, பீ, ஓ என்னும் இலத்தீன் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துருவை மாற்றிய கணத்தில் தமிழ் மறைந்துவிடும். 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. 2008இல் இலங்கைத் தர நிர்ணயமும், 1326 என்ற இலக்கத்துடன், தமிழ்க் குறியீட்டுக்கென வெளிவந்தது. அதன் பின்னரும் இலத்தீனுக்குத் தமிழ் வேடம் புனைந்துகொண்டு கணனித் தமிழின் பெருமை பேசுவது போலிமையே. பாமினியில் எழுதிய குறிப்பை எந்த உரைத்தொகுப்பியும் தமிழென அறியாது. எந்தச் செய்நிரலும் தமிழென எண்ணாது.

ஒருங்குறிக்கு மாறினால் எல்லாம் முடிந்துவிடும் என்பதும் மயக்கமே. 'விம்' என்னும் உரைத்தொகுப்பியிலே கட்டளைகள் யாவும் இலத்தீன் விசைகளால் இடப்படுவன. இயங்குதளத்தின் விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றியதும் அக்கட்டளைகள் செயலற்றுப்போகின்றன. மாணவன் சலித்து ஆங்கிலத்துக்கே மீளுகின்றான். குறை தமிழின் தலையிற் சுமத்தப்படுகின்றது. ஆயின் விசைமாற்றத்தை விம்மினுள்ளேயே அமைத்துக்கொண்டால், எழுதும்போது தமிழும் கட்டளையிடும்போது இலத்தீனும் தாமே வந்து பொருந்தும். 'ஈமாக்ஸ்' என்னும் தொகுப்பியுடன் தமிழ் உள்ளீட்டு முறைகள் கூடவே வருகின்றன. இரு விசைகளை ஒருசேர அழுத்தி மொழி மாற்றலாம். அமைத்துத் தர ஒருவர் இல்லாமையே குறை.

கலைப்பீடத்தார்க்கு இதில் என்ன அலுவல் என வினவுவோரும் உளர். ஒரு நூலிற் பயிலும் சொற்களைத் தொகுத்து எண்ண விழையும் தமிழ் மாணவனுக்கே இதில் முதல் அலுவல் உண்டு. பைதனுடன் வரும் தேடற் கருவியிடம் 'தமிழ்' என்னும் சொல்லைக் கொடுத்துச் சொற்களைப் பிரிக்குமாறு வழக்கமான முறையிற் கேட்டால், 'தம' என்றும் 'ழ' என்றும் இரு துண்டுகளைத் தருகின்றது; உயிர்க்குறியையும் புள்ளியையும் அது எழுத்தாகக் கொள்வதில்லை. அச்சொல்லின் நீளத்தை வினவினால் ஐந்து என்கின்றது. தொல்காப்பியம் கற்றவன் மூன்று என்பான். வேறு தேடற் கருவியைச் சேர்த்தால் முதற்குறை நீங்கும். 'ஓப்பன் தமிழ்' என்னும் கட்டற்ற நிரற்றொகுதியைச் சேர்த்தால் இரண்டாவதும் நீங்கும். இக்குறைகளை இனங்காணத் தமிழிலக்கணம் அறிந்தவன் வேண்டும். அவன் அறையினுள் இல்லாதபோது, தவறான எண்ணிக்கையே ஆய்வு முடிபாக அச்சேறும்.

முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் தமிழ்ச் செய்நிரல் மொழியும் இங்கு கருதற்பாலது. அதில் நிபந்தனை முன்னும் 'ஆனால்' என்னும் சொல் பின்னும் வருவது தமிழ்த் தொடரமைப்போடு இயைகின்றது. தொடக்க மாணவனுக்கு அது நல்ல வாயில். எனினும் பரீட்சையும் தொழிலும் பைதனையும் பிறவற்றையும் வேண்டி நிற்கையில் எழிலை மட்டும் காட்டி அமைதி கொள்ளலாகாது. பிறர் ஆக்கிய மொழியினுள்ளும் தமிழாற் சிந்திக்க வழி செய்தல் வேண்டும்.

பன்னாட்டார் கூடி எழுதும் நிரலில் தமிழ்ப் பெயர்கள் தடையாகுமே எனச் சிலர் கூறுவர். உண்மையே; அத்தகைய நிரலை ஆங்கிலத்தில் எழுதுவோம். ஆனால், முதன்முறை ஒரு சுழற்சியை விளங்க முயலும் மாணவன் உலகுக்கு எழுதவில்லை. தனக்கு விளங்க எழுதுகின்றான். பொருள் விளங்காத பெயர்களை மனனஞ் செய்பவன் நிரலையும் மனனஞ் செய்வான்; பரீட்சை முடிந்ததும் இரண்டையும் மறப்பான்.

இலங்கையிற் பிறந்த இரா. முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை ஆக்கியபோது, புள்ளிக்கும் விசிறிக்கும் இடமில்லை எனக் கூறி மொழியைக் குறைக்கவில்லை. நகரா விசையை அமைத்துப் பொறியைத் திருத்தினார். எமக்கு அத்துணைப் பேருழைப்புந் தேவையில்லை. தமிழ்ச் சங்கங்கள் தம் ஆண்டு மலர்களுக்கு ஒருங்குறிப் படிகளை மட்டுமே ஏற்கட்டும். கணனிக்கூடங்களில் விசைமாற்றமும் தமிழெழுத்துருவும் அமைந்த தொகுப்பியை நிறுவுமாறு கோரட்டும். அதனை அமைக்கும் முறையை எளிய தமிழில் ஒரு தாளில் எழுதிப் பாடசாலைகளுக்கு அனுப்பட்டும். ஒரு பட்டிமன்றத்துக்குச் செலவாகும் நேரம் இதற்குப் போதும். இதையும் செய்யாத சங்கம், கணனித் தமிழ் பற்றி மேடையிற் பேசும் உரிமையை இழந்துவிடுகின்றது.