விரலைக் காப்பதும் சாதகமே

1928-ஆம் ஆண்டில், தாம் குடியிருந்த கூண்டுவண்டி தீப்பற்றியதால் இடக்கையின் இரு விரல்கள் முடங்கிப்போன பின்னரும், பெரும்பாலும் எஞ்சிய இரு விரல்களைக் கொண்டே கித்தார் வாசித்து உலகப் புகழ் எய்திய ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் சரித்திரத்தை வியந்து போற்றுவது நியாயமே. ஆயினும், அதனை உதாரணமாகக் காட்டி, வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிப்பதே சாதகம் என்று இளைஞர்களுக்கு உபதேசிப்பது பெரும் பிழையாகும். விரல் நுனி காய்த்துப்போவது இயல்பு. மணிக்கட்டு வலிப்பதும் விரல்கள் மரத்துப்போவதுமோ, நரம்புகளும் தசைநாண்களும் விடுக்கும் எச்சரிக்கை. மணிக்கட்டை அதிகம் மடக்காமல், தந்தியை வேண்டிய அளவுக்கு மேல் அழுத்தாமல், இடையிடையே கைக்கு ஓய்வளித்து, வலி கண்டவுடன் வாத்தியத்தைக் கீழே வைக்கும் விவேகத்தை முதற்பாடத்திலேயே புகட்டுவது ஆசிரியர்களின் கடமையாகும்.