நோய்க்கு நாணுதல் தகுமோ?

விழாக் காலத்திலே பழைய மாணவர் ஒன்றுகூடுதல் பெருமகிழ்ச்சி தருவதாகும். ஒரே வாங்கிலிருந்து படித்தோர் நரைத்த தலையினராய் ஒருவரையொருவர் கண்டு அளவளாவுகின்றனர். பதவி, பென்சன், பிள்ளைகளின் பிறநாட்டு வாழ்வு ஆகிய யாவும் பேசப்படுகின்றன. ஆயின், அவ்விருந்துப் பந்தியிலே பேசப்படாத விடயம் ஒன்றுண்டு. அதுவே நீரிழிவு. இலங்கையிலே வளர்ந்தோரிற் பத்தில் ஒருவருக்கேனும் இந்நோய் உண்டு. எம் போன்ற வயதினரிடையே அது இன்னும் மிகுதி. எனினும் அதனை உடையோர் பலர் அதனை ஒரு குற்றம்போல மறைத்தே வாழ்கின்றனர். நோயினும் இந்நாணமே பெருங்கேடு விளைப்பதென்பது எமது துணிபு.

எமக்கு நன்கு தெரிந்த அன்பர் ஒருவர் உளர்; ஆசிரியராயிருந்து இளைப்பாறியவர். தமக்குச் சலரோகம் உண்டென வைத்தியர் கூறியபோது அவர் முதலில் எண்ணியது மருந்தைப் பற்றியன்று. மகளின் விவாகத்தைப் பற்றியே. 'பரம்பரை வருத்தமுள்ள குடும்பம்' என மாப்பிள்ளை வீட்டார் ஒதுங்கிவிடுவரென அஞ்சினார். உள்ளூர் மருந்துக்கடையை விடுத்து அயலூரில் மாத்திரை வாங்கினார். பாயசத்தை மறுத்தாற் காரணம் கேட்பரென்று விருந்துதோறும் உண்டார். பின்னர் இன்சுலின் ஏற்றுதல் வேண்டுமென வைத்தியர் சொல்லியும், அது தமது தோல்விக்கு அடையாளமெனக் கருதி ஈராண்டு தள்ளிப்போட்டார். காலிலே தோன்றிய சிறு புண்ணையும் எவர்க்கும் காட்டினாரல்லர். ஈற்றில் இரு கால்விரல்களை இழந்தார். மகளின் விவாகமோ இனிதே நடந்தேறியது. சம்பந்தியாருக்கும் அதே நோய் உண்டென்பதும், அவரும் அதனை மறைத்திருந்தாரென்பதும் பின்னரே தெரியவந்தன!

'வாய்க்கட்டு இல்லாதவன்' என்னும் பழிச்சொல்லே இந்நாணத்தின் வேர். அப்பழி நீதியானதன்று. இரண்டாம் வகை நீரிழிவிலே உடல் இன்சுலினுக்குச் செவ்வனே இணங்குவதில்லை. அதனைச் சுரக்கும் கணையமும் காலப்போக்கிற் சோர்ந்துவிடுகின்றது. உணவுப் பழக்கமும் உடலுழைப்பின்மையும் இதற்குத் துணைபோவன என்பது மெய்யே. ஆயினும் பிறப்புவழி வந்த இயல்பும் வயதும் அவற்றோடு சேர்ந்தே தொழிற்படுகின்றன. தென்னாசியராகிய எம்மவர்க்கு ஐரோப்பியரிலும் இளைய வயதிலும் குறைந்த உடல் எடையிலும் இந்நோய் வருகின்றது.

பிரித்தானியாவில் 1977ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, 1998ஆம் ஆண்டு முடிவுகள் வெளியான பேராய்வொன்று இரண்டு உண்மைகளைக் காட்டிற்று. குருதியிலுள்ள சீனியை நன்கு கட்டுப்படுத்தினாற் கண், சிறுநீரகம் முதலிய உறுப்புகளுக்கு நேருங் கேடு குறையும் என்பது ஒன்று. அங்ஙனம் முயல்வோர்க்கும் ஆண்டுகள் செல்லச் செல்ல மருந்தின் தேவை கூடும் என்பது மற்றொன்று. ஆதலின் மாத்திரையிலிருந்து இன்சுலினுக்கு மாறுதல் ஒழுக்கக் குறைவுக்குச் சான்றாகாது. 1922ஆம் ஆண்டு ரொறன்ரோ நகரிலே ஒரு சிறுவனுக்கு முதன்முதல் ஏற்றப்பட்ட நாள்தொட்டு எண்ணிறந்த உயிர்களைக் காத்துவரும் மருந்தன்றோ அது?

அங்ஙனமாயின் நோயாளிக்குப் பொறுப்பே இல்லையோ எனச் சிலர் வினவலாம். பொறுப்பு உண்டு. ஆயின் பொறுப்பு வேறு, பழி வேறு. பொறுப்பு மனிதனை நிமிரச் செய்யும். பழி அவனை ஒளியச் செய்யும். ஒளிபவன் சோதனைக்குச் செல்லான். சென்றாலும், கடந்த மூன்று மாதத்துச் சீனியின் நிலையைக் காட்டும் அத்தாளைத் தண்டனைத் தீர்ப்பென அஞ்சி மடித்து வைப்பான். அது தீர்ப்பன்று, மாலுமிக்குத் திசையறி கருவிபோல்வது.

தன்னம்பிக்கையும் புத்திமதியினால் மாத்திரம் வருவதன்று. 'என்னால் இது இயலும்' என்னும் உறுதி, தாமே செய்து முடித்த செயல்களிலிருந்தே முதன்மையாகப் பிறக்கின்றது என்றும், தம்மையொத்தார் செய்யக் காண்பதனாலும் அது வளர்கின்றது என்றும் உளநூலறிஞர் அல்பேட் பண்டுரா 1977ஆம் ஆண்டு எழுதினார். சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டுதல், மாலையில் அரை மணி நேரம் நடத்தல், நாள்தோறும் பாதங்களைப் பார்வையிடுதல் ஆகியவை சிறு செயல்களே. ஒன்று கைகூடினால் மற்றொன்றுக்குத் துணிவு பிறக்கும். மேற்சொன்ன அன்பர் இன்று தமது நோயை வெளிப்படையாகப் பேசுகின்றார். அதனைக் கேட்டு, எமது வகுப்பினர் இருவர் தாமாகவே சோதனைக்குச் சென்றனர்.

பந்தியிலே நாம் இருவகைப் பிழை செய்கின்றோம். 'இன்றைக்கு ஒருநாள்தானே' என்று இலையில் இனிப்பை வலிந்து இடுதல் ஒன்று. 'உமக்குச் சீனி வருத்தமல்லவா? இதைத் தொடலாமோ?' எனப் பலர் கேட்கக் கண்டித்தல் மற்றொன்று. இரண்டும் அன்பின் பெயரால் நிகழ்வன. இரண்டும் மனிதனைச் சிறுமைப்படுத்துவன.

எமது சங்கம் செய்யத்தக்கன சில உள. சீனியிடாத தேநீரும் மரக்கறி மிகுந்த உணவும், ஒருவர் கேட்டுப் பெறவேண்டியனவாக அன்றி எல்லார்க்கும் பொதுவாக வைக்கப்படல் வேண்டும். குறித்த வேளையில் உணவு பரிமாறப்படல் வேண்டும். இன்சுலின் ஏற்றியவர் உண்ணாது காத்திருப்பின் குருதிச் சீனி தாழ்ந்து, வியர்த்து நடுங்குவார். எமது சொற்பொழிவுகளின் நீளத்துக்கு அவர் பலியாதல் முறையன்று. அவ்வேளையில் அவர் குளுக்கோசோ இனிப்புப் பானமோ அருந்தினால் அது மருந்தேயென உணர்தல் வேண்டும், நகைத்தல் அறியாமை. மலசலகூடத்தில் ஒளிந்துநின்று ஊசி ஏற்றவேண்டிய நிலை எம் நடுவே எவர்க்கும் நேரலாகாது.

இளமையிலே கணக்கிற் பிழைவிட்டுச் சிலேற்றை மறைத்த மாணவன் திருத்தம் பெற்றதில்லை. அஞ்சாது காட்டியவனே கற்றுத் தேறினான். பிழை செய்யாதவராகிய இந்நோயாளர் மறைத்தற்கு யாது காரணம்? மறைக்க வேண்டாத ஒரு சபையை அவர்க்கு அமைத்துத் தருதல், ஒரே வாங்கிலிருந்த எமது கடன்.